யாருக்குப் பலிக்கவில்லை?

காஞ்சிபுரத்துக்கு வடமேற்கே, தறிச் சத்தம் அடங்கி வயல் தொடங்கும் தொலைவில் கூரம் இருக்கிறது. பல்லவர் காலத்து ஊர். இங்கே கிடைத்த செப்பேடு ஏழாம் நூற்றாண்டின் முதலாம் பரமேசுவரவர்மனுடையது. இங்கிருந்து போன செப்புத்திருமேனி நடராசர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். ஆனால் கூரம் என்றதும் பக்தர்கள் வாயில் முதலில் வருகிற பெயர் கூரத்தாழ்வான். இராமானுசரின் தலைமைச் சீடர். அவர் பெயரைச் சொன்னால் அடுத்ததாக அவருடைய கண்ணைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது.

குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதை இது. சிவனுக்கு மேல் தெய்வமில்லை என்று ஓலையில் கையெழுத்திடச் சொல்லிச் சோழன் இராமானுசரைக் கூப்பிடுகிறான். ஆசானைத் தப்பவைத்துவிட்டு, அவருடைய காவியை உடுத்திக்கொண்டு கூரத்தாழ்வான் போகிறார். கூடவே முதியவரான பெரிய நம்பி. கூரத்தாழ்வான் கையெழுத்துப் போடவில்லை, ஓலையையும் கேலி செய்கிறார். கண்கள் போகின்றன. அரசன் பிடுங்கினான் என்றும், பாவியைப் பார்த்த கண் வேண்டாமென்று தாமே பிடுங்கிக்கொண்டார் என்றும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். அந்தச் சோழன் யார் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. வருடங்கள் கழித்துக் காஞ்சி வரதராசர் சன்னதியில், கண்ணைக் கேள் என்று இராமானுசர் வற்புறுத்துகிறார். கூரத்தாழ்வான் கேட்டது வேறு: தம்மைக் காட்டிக்கொடுத்த நாலூரானுக்கும் நற்கதி வேண்டும். கடைசியில் பெருமாளையும் ஆசானையும் மட்டும் காண்கிற அளவுக்குப் பார்வை கிடைத்தது என்று கதை முடிகிறது.

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இந்த மனிதரைப் பிடிக்கும். இன்னொருவருக்காகத் தலையைக் கொடுக்கப் போனவர். தன் கண்ணைப் பறித்த சூழ்ச்சிக்காரனுக்கு நன்மை கேட்டவர். இதைச் செய்ய ஒரு தெய்வமும் தேவையில்லை. செய்தவர் மனிதர்.

என் சண்டை கதையின் கணக்கு வழக்கோடு. கண் போனதற்குக் காரணம் என்ன? எந்தக் கடவுள் பெரியவர் என்ற தகராறு. கண் வந்ததற்குக் காரணம்? அந்தத் தகராறில் ஒரு கட்சியின் கடவுள். எடுத்த பழி மனிதன் தலையில், கொடுத்த புகழ் கடவுள் கணக்கில். கோயில்களில் இந்தப் பங்குபிரிப்பை யாரும் தணிக்கை செய்வதே இல்லை. இன்னொன்றையும் யாரும் கேட்பதில்லை. அதே சன்னதியில் நின்று கண்ணைக் கேட்டவர்கள் கூரத்தாழ்வானுக்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வைசூரியில் கண் போன பிள்ளைகள், புரை விழுந்த கிழவிகள், சுண்ணாம்பு பட்டுப் பார்வை இழந்தவர்கள். அவர்களில் எத்தனை பேருக்குக் கிடைக்கவில்லை? அந்த எண் எந்தத் தலபுராணத்திலும் இல்லை. கிடைத்த ஒருவரை மட்டும் எழுதி வைத்தால் எந்தக் கல்லும் மருத்துவராகிவிடும்.

கிடைக்காதவர்களையும் எண்ணி எழுதி வைத்த ஒரு வேலையைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு முன்னுரை. அந்த வேலையில் பெரும்பங்கு ஒரு பெண்ணுடையது. பெயர் கீதா வேமுகண்டி. நோய்க்குறியியல் படித்த மருத்துவர். ஐதராபாத்தில் 1987இல் தொடங்கப்பட்ட எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் வெட்டியெடுத்த கண் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்துப் புற்றா இல்லையா என்று சொல்வது அவருடைய அன்றாடத் தொழிலாக இருந்தது. நோயாளி அவர் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். நோயாளி கும்பிடுவது கத்தி பிடித்தவரை. கண்ணாடித் தட்டில் செல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை யார் கும்பிடுகிறார்கள்?

நம் கருவிழியின் மேல்தோல் சில நாட்களுக்கொரு முறை உதிர்ந்து புதிதாகிறது. புதுச் செல்கள் வருவது கருவிழியும் வெண்விழியும் சேருகிற விளிம்பிலிருந்து. அந்த விளிம்புதான் நாற்றங்கால்; குருத்தணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள், அங்கேதான் குடியிருக்கின்றன. 1980களின் பிற்பகுதியில்தான் இது உறுதியாயிற்று. நாற்றங்கால் கருகிப்போனால் வயலில் களை ஏறுவதுபோல, வெண்விழித் தோல் ரத்தக் குழாய்களை இழுத்துக்கொண்டு கருவிழிமேல் படர்ந்துவிடும். உள்ளே விழித்திரை நன்றாக இருக்கும், நரம்பு நன்றாக இருக்கும், முன்னால் திரை விழுந்திருக்கும். தானமாகக் கிடைத்த கருவிழியை வைத்துத் தைத்தாலும் நிலைக்காது. மேல்தோலைப் புதுப்பிக்க ஆள் இல்லை.

எதனால் கருகும்? அமிலத்தால் கருகும், காரத்தால் இன்னும் ஆழமாகக் கருகும். நம் ஊரில் காரம் என்றால் முதலில் நினைக்க வேண்டியது வெற்றிலைச் சுண்ணாம்பு. பொட்டலத்தைக் குழந்தை பிதுக்கி விளையாடும்போது கண்ணில் தெறிக்கிறது. இந்தியக் கண் மருத்துவர்கள் இதைப் பற்றித் தனியாகவே கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். கட்டட வேலையில் சுண்ணாம்பு, சிமென்ட். பட்டு நூலைப் பசை போக வேகவைக்கும் இடத்தில் சோடாக் காரம். காதலிக்க மறுத்தவள் முகத்தில் ஊற்றப்படும் அமிலத்தையும் சொல்லாமல் விட முடியாது. சுண்ணாம்பு பட்டவுடன் நம் வீடுகளில் என்ன செய்வார்கள்? தாய்ப்பால் விடுவார்கள், விளக்கெண்ணெய் விடுவார்கள், சாமிக்கு முடிந்து வைப்பார்கள். செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்த இடத்திலேயே, அந்த நிமிடமே, நல்ல தண்ணீரை விட்டு இருபது முப்பது நிமிடம் கழுவிக்கொண்டே இருப்பது, சுண்ணாம்புத் துகள் இமைக்குள் ஒட்டியிருந்தால் எடுப்பது, அப்புறம் மருத்துவமனைக்கு ஓடுவது. குடத்துத் தண்ணீர் காப்பாற்றிய கண்களை எந்த ஸ்டெம் செல் விஞ்ஞானியும் பார்க்கப் போவதில்லை. அவர்கள் அதற்காகச் சந்தோசப்படுவார்கள்.

உடம்புக்கு வெளியே மனிதத் தோல் செல்லை வளர்க்கும் வித்தையை 1975இல் அமெரிக்காவில் ரைன்வால்ட், ஹோவர்ட் கிரீன் இருவரும் கண்டார்கள். செல்கள் தனியே வளரவில்லை. கதிர்வீச்சால் பெருக்கம் நிறுத்தப்பட்ட எலிச் செல்களின் படுக்கை மேல் போட்டால் வளர்ந்தன. அந்த வழியில் போய் 1997இல் இத்தாலியில் கிராசியெல்லா பெல்லெக்ரினி என்ற பெண் விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும், நோயாளியின் நல்ல கண் விளிம்பிலிருந்து எடுத்த செல்லை வளர்த்துக் கெட்ட கண்ணில் வைத்தார்கள். முதலில் இரண்டே பேருக்கு. 2010இல் 112 நோயாளிகளின் முடிவை வெளியிட்டார்கள். நான்கில் மூன்று பங்குக்குச் சற்று அதிகமானோருக்கு நிலைத்தது. யாருக்கு நிலைக்கவில்லை என்றும் தோண்டிப் பார்த்தார்கள். வளர்த்த தோலில் உண்மையான குருத்தணுக்கள் 3 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வெற்றி 78 சதவீதம். அதற்குக் கீழே என்றால் 11 தான். தோல்வியைக் கிளறியதால் கிடைத்த அறிவு இது. 2015இல் இந்தச் சிகிச்சைக்கு ஐரோப்பா அனுமதி கொடுத்தது. அங்கே அனுமதி பெற்ற முதல் ஸ்டெம் செல் மருந்து இதுதான். விலை நம் ஊர்த் தறிக்காரர் கனவிலும் எட்டாதது.

ஐதராபாத்தில் எலிச் செல்லை விட்டார்கள். கீதாவின் ஆய்வகம் எடுத்துக்கொண்ட படுக்கை, பிள்ளை பிறந்தபின் வெளியேறும் பனிக்குடச் சவ்வு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பனிக்குடமும் நஞ்சும் நம் சமூகத்தில் என்ன? தீட்டு. தொட்டவருக்குத் தீட்டு, பெற்றவளுக்குத் தீட்டு, அந்த வீட்டுக்கே தீட்டு. தீட்டுக் கழிகிற வரை அவள் கோயில் படி மிதிக்கக் கூடாது. மருத்துவச்சி சாதியையே தள்ளி வைத்தோம். யாரும் பார்க்காத மூலையில் குழி வெட்டிப் புதைத்த பொருள் அது. தாயின் சம்மதத்தோடு, நோய்த்தொற்று இல்லை என்று சோதித்து, கழுவி, பதப்படுத்தினால், கண்ணுக்கு அதைவிட நல்ல படுக்கை வாய்ப்பது கடினம். வீக்கத்தைத் தணிக்கிறது, தழும்பைக் குறைக்கிறது, பெற்றுக்கொள்ளும் உடம்பு பெரிதாகச் சண்டை போடுவதில்லை. நோயாளியின் நல்ல கண் விளிம்பில் ஓரிரு மில்லிமீட்டர் துண்டு. அதை நறுக்கி அந்தச் சவ்வின் மேல் வைத்து, நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து எடுத்த நீரை ஊட்டி இரண்டு வாரம் போல வளர்த்தார்கள். எலி இல்லை, மாட்டுக் கன்றின் சீரம் இல்லை. பெருமாளைப் பார்க்கப் போகக் கூடாது என்று எந்தத் தீட்டைச் சொல்லி அவளை நிறுத்தினோமோ, அதன் மேல் வளர்ந்த கண்ணோடு பலர் இன்று பெருமாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகமம் படித்தவர்கள் இதற்குப் பரிகாரம் ஏதாவது எழுதி வைத்திருந்தால் தெரிந்துகொள்ள ஆசை.

2001 தொடங்கிப் பத்து ஆண்டுகள். 2011இல் 200 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள். விரேந்தர் சங்வான், சயன் பாசு, கீதா உள்ளிட்டோர் எழுதியது. 142 கண்களில் மேல்தோல் நிலைத்தது. 71 சதவீதம். சுமார் அறுபது சதவீதக் கண்களில் பார்வை கூடியது. 58 கண்களில் நிலைக்கவில்லை.

அந்த 58 என்ற எண்ணைத்தான் நான் கும்பிடுவேன், கும்பிடும் பழக்கம் இருந்தால். தன் வாழ்க்கையின் முக்கியமான உழைப்பை உலகத்துக்குக் காட்டுகிறபோது, இத்தனை பேருக்கு என்னால் முடியவில்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதுகிற தொழில் வேறு எது? அரசியல்வாதி எழுதுவாரா? சோதிடர் எழுதுவாரா? நம் பகுத்தறிவு மேடைகள்கூட, மாறிய மனங்களை எண்ணுமே தவிர மாறாதவற்றை எண்ணியதில்லை.

அடுத்து நடந்தது இன்னும் வேடிக்கை. 2012இல் அதே மருத்துவமனையில் சங்வான் குழு கேட்டது: சவ்வின் மேல் செல்லை ஆய்வகத்தில் ஏன் வளர்க்க வேண்டும்? துண்டை நறுக்கி, சவ்வோடு சேர்த்து, நோயாளியின் கண்ணிலேயே வைத்துவிட்டால் கண்ணே வளர்த்துக்கொள்ளாதா? வளர்த்துக்கொண்டது. 2016இல் 125 பேரின் முடிவு வந்தது: 76 சதவீதம். தூய்மைக் கூடம் வேண்டாம், இரண்டு வாரக் காத்திருப்பு வேண்டாம், ஒரே அறுவையில் முடிந்தது, செலவும் பெருமளவு விழுந்தது. சவ்வின் மேல் செல் வளரும் என்பதை ஆய்வகம் பத்தாண்டு நிரூபித்திருந்ததால்தான் அந்தத் துணிச்சல் வந்தது. ஆனால் விளைவு என்ன? பெரும்பாலான நோயாளிகளுக்கு அந்த ஆய்வகமே தேவையில்லாமல் போயிற்று. தன் கருவறையைத் தானே இடித்துக்கொண்ட பூசாரி யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? கீதா அதற்குள் ஐதராபாத் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தார்; அங்கே மருத்துவ அறிவியல் புலத்தை நடத்தினார், மாணவர்களை உருவாக்கினார். வேலை இப்படித்தான் நகரும்.

பெண் விஞ்ஞானி என்று அடிக்கடி சொல்கிறேன். செல்லுக்கு வளர்த்தவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. பிறகு எதற்கு என்று கேட்கலாம். செல்லுக்குத் தெரியாதுதான், வாசலில் நின்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்ற கமலா பாகவத் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தபோது, பெண் என்பதற்காகவே சேர்க்க மறுத்தவர் சி.வி. ராமன். திருச்சியில் பிறந்த நம் நோபல் அறிஞர். அந்தப் பெண் அசையவில்லை. கடைசியில் ஓராண்டு பார்க்கலாம் என்று நிபந்தனை போட்டு எடுத்தார். ஆறே ஆண்டில், கமலா சோஹோனியாக, அவர் கேம்பிரிட்ஜில் ஆய்வுப் பட்டம் வாங்கினார். ராமன் ஒளியின் சிதறலைப் பார்த்த கண்ணால் எதிரில் நின்ற மாணவியின் தகுதியைப் பார்க்கவில்லை. அறிவியல் படித்தவர் பகுத்தறிவாளர் என்பது ஒரு மூடநம்பிக்கை. நம் கட்சியினரே வளர்த்து வைத்திருப்பது. ராமனைத் திருத்தியது அவர் படித்த இயற்பியல் அல்ல, கமலா என்ற சான்று.

அந்தக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதற்கு ஒரு சின்ன அடையாளம் மதுரையில். 2005இல் அரவிந்த் கண் மருத்துவ ஆய்வு நிறுவனத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது: கண் விளிம்பில் குருத்தணுவை மற்ற செல்லிலிருந்து எப்படிப் பிரித்து அடையாளம் காண்பது என்று. ஒரு குறிப்பிட்ட புரதம் அதிகமாகவும், செல்லின் உடலோடு ஒப்பிட்டால் உட்கரு பெரிதாகவும் இருந்தால் அது பெரும்பாலும் குருத்தணு. முதற்பெயர் ஆர்பிதா என்ற பெண். வழிகாட்டியவர் முத்துக்கருப்பன். மதுரையில் மீனாட்சி கல்யாணத்துக்கு எத்தனை லட்சம் பேர் வந்தார்கள் என்று நமக்குத் தெரியும். இந்தக் கட்டுரையைப் பற்றித் தமிழ் நாளிதழ் படிக்கிறவரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வெள்ளைக் கோட்டைப் போட்டதும் உண்மை வந்து ஒட்டிக்கொள்ளும் என்று நான் சொல்ல வரவில்லை. இதே திசுப் பொறியியலில்தான் நம் காலத்தின் பெரிய சாமியார் ஒருவர் இருந்தார். பாவ்லோ மக்கியரினி. 2011இல் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா மருத்துவமனையில், மருத்துவ நோபலுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் அதே நிறுவனத்தின் நிழலில், பிளாஸ்டிக் மூச்சுக்குழாயில் நோயாளியின் ஸ்டெம் செல்லை ஊற வைத்துப் பொருத்தினார். உலகம் கைதட்டியது. பத்திரிகைகள் அற்புதம் என்றே எழுதின. சுவீடனில் அப்படிப் பொருத்திக்கொண்ட மூவரும் இறந்துபோனார்கள். கூட வேலை பார்த்த நான்கு மருத்துவர்கள் கோப்புகளைப் புரட்டி, அவர் எழுதியதற்கும் நோயாளியின் நிலைக்கும் சம்பந்தமில்லை என்று புகார் கொடுத்தார்கள். நிறுவனம் முதலில் அவர்களைத்தான் அதட்டியது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறை விதித்தது. அறிவியலில் அவர் செய்த தப்பு என்ன? 58ஐ மறைத்தது. பலிக்காதவர்களைப் பலித்தவர்களாக எழுதியது.

பெண் என்றால் நம்பலாமா? அதுவும் இல்லை. 2014 சனவரியில் சப்பானின் ஹாருகோ ஒபோகாட்டா, எலிச் செல்லை லேசான அமிலத்தில் நனைத்தால் குருத்தணுவாகிவிடும் என்று நேச்சர் இதழில் எழுதினார். அவர் ஆய்வகச் சுவரின் இளஞ்சிவப்பு நிறத்தையும், கோட்டுக்குப் பதிலாகப் போட்ட சமையல் மேலங்கியையும் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. செல்லைப் பற்றி எழுத இடம் போதவில்லை. அதே ஆண்டு சூலையில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மற்ற ஆய்வகங்களில் செய்து பார்த்தார்கள், வரவில்லை; அவ்வளவுதான். ஆயிரம் ஆண்டாக நிற்கிற அற்புதங்களை யாரும் இன்னொரு ஊரில் செய்து பார்க்கச் சொல்வதில்லை.

இதையெல்லாம் தூரத்துச் சங்கதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காஞ்சிபுரத்தில் கருத்தரித்த பெண்ணுக்கு வளைகாப்பு நடக்கும் மாதத்தில், மருத்துவமனை வரவேற்பறையிலேயே ஒருவர் கோப்போடு வருவார். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வையுங்கள், பிள்ளைக்கு நாளை எந்த நோய் வந்தாலும் அவனுடைய ஸ்டெம் செல்லே காப்பாற்றும். ஆயிரக்கணக்கில் கட்டணம், தவணையும் உண்டு. இது புதுப் பரிகாரம். தலாசீமியா போன்ற பிறவி நோய் என்றால் அந்தக் கோளாறு கொடி ரத்தத்திலும் அப்படியே இருக்கும். பிள்ளையின் சொந்த ரத்தம் அந்தப் பிள்ளைக்கு உதவாது. சொந்த உபயோகத்துக்கென்று தனியார் வங்கியில் சேமிப்பதை இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2018இலேயே ஊக்குவிக்கவில்லை. ஆனால் கழகம் வீட்டுக்கு வராது, விற்பனையாளர் வருவார். ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பெற்றவர்களிடம் இதைவிட ஈவிரக்கமில்லாத வியாபாரம் நடக்கிறது. ஊசி ஒன்றுக்கு லட்சங்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் அறநெறி வாரியம் 2022 டிசம்பரில் இதைப் பரிந்துரைக்க முடியாது என்றும், விளம்பரம் செய்வது தொழில் ஒழுக்கக்கேடு என்றும் சொன்னது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிகள், ரத்த நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சையைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டும் செய்யச் சொல்கின்றன. அப்படியும் பெற்றோர் போகிறார்கள். நகையை விற்றுப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோயில் சுற்றிக் களைத்தவர்கள் அறிவியல் என்ற பலகையைப் பார்த்து உள்ளே போகிறார்கள்; உள்ளே இருப்பது அதே உண்டியல்.

இதற்கு நம் பங்கும் உண்டு. 1925இல் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியது இதே காஞ்சிபுரத்தில். அண்ணா பிறந்த ஊர். பகுத்தறிவு இங்கே புதுச் சரக்கில்லை. 'இனிவரும் உலகம்' நூலில் சோதனைக்குழாய்ப் பிள்ளை வரும் என்று பெரியார் எழுதியதை மேடைக்கு மேடை சொல்கிறோம். சொல்லும் விதத்தைக் கவனித்தால் தீர்க்கதரிசனம் சொன்ன மகான் ஆக்கிவிட்டது தெரியும். அவர் யோசித்தார், சொன்னார். செய்தவர்கள் பேரைச் சொல்லுங்கள் என்றால் மேடையில் மௌனம். புராணத்துப் பொய்யைத் தோலுரிக்க நம்மிடம் ஆயிரம் பேச்சாளர்கள். கருவிழித் தோல் எங்கிருந்து வளர்கிறது என்று ஐந்து நிமிடம் பேசத் தெரிந்தவர் எத்தனை பேர்? பொய்யை எடுத்துவிட்டுக் காலியாக விட்ட இடத்தில்தான் ஸ்டெம் செல் வியாபாரி வந்து உட்கார்ந்திருக்கிறான்.

சரி, கீதா வேமுகண்டியிடம் கூரத்தாழ்வானையே அழைத்துப் போயிருந்தால்? ஒன்றும் நடந்திருக்காது. பிடுங்கிய கண்ணை இன்றைய அறிவியலால் வளர்த்துத் தர முடியாது. விளிம்புச் செல் கருவிழியின் மேல்தோலை மீட்கும். விழித்திரையை மீட்காது, பார்வை நரம்பை மீட்காது, இல்லாத விழியை உண்டாக்காது. இந்தத் துறை அறிந்த எந்த நேர்மையான விஞ்ஞானியும் அவரிடம் "என்னால் ஆகாது, ஐயா" என்றுதான் சொல்லியிருப்பார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தெரியாத எதையும் நான் அறிவு என்று ஒத்துக்கொள்வதில்லை. கூரத்தாழ்வான் அதைப் புரிந்துகொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். வரதரிடமே கண்ணைக் கேட்காதவர்.

கூரத்துக்கும் மனித முயற்சி புதிதல்ல. முன்னே சொன்ன அந்தச் செப்பேட்டில், பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாய் வெட்டி ஏரிக்கு நீர் கொண்டுவந்த செய்தி இருக்கிறது. மன்னன் சிவனுக்குக் கோயிலும் கட்டினான்; தண்ணீருக்குச் சிவனை மட்டும் நம்பி இருக்கவில்லை. அதே புத்தியோடு ஒரு யோசனை. தை மாத அஸ்தத்தில் கூரத்தாழ்வானின் திருநட்சத்திரம் வரும். கண்ணை இழந்த மனிதரின் நாள். அன்றைக்குக் கோயில் வாசலில் கண்தானப் பதிவுக்கு ஒரு மேசை போட்டால் என்ன? இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். வயதோ, மூக்குக்கண்ணாடி போட்டதோ, புரை அறுவை செய்ததோ தடையில்லை. இரண்டு கண்ணும் கருகியவர்களுக்குச் சொந்த விளிம்புச் செல் கிடையாது. உறவினரிடமிருந்தோ இறந்தவரிடமிருந்தோ வர வேண்டும். கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்போம் என்று பயப்படுகிறவர்களுக்குப் பட்டர்களே பதில் சொல்லட்டும்; கண் கொடுத்தவருக்குத்தானே அவர்கள் உற்சவம் எடுக்கிறார்கள்.

வாசகர்களிடம் கேட்பது ஒன்று. யாராவது உங்களிடம் அற்புதம் என்று சொல்லிக்கொண்டு வந்தால், அவர் காவியில் வந்தாலும் சரி, வெள்ளைக் கோட்டில் வந்தாலும் சரி, கருப்புச் சட்டையில் வந்தாலும் சரி, பலித்தவர் யார் என்று கேட்காதீர்கள். அந்தப் பட்டியல் அவரிடம் தயாராக இருக்கும். எத்தனை பேருக்குச் செய்தீர்கள், அதில் எத்தனை பேருக்குப் பலிக்கவில்லை, அது எங்கே அச்சாகியிருக்கிறது என்று கேளுங்கள். எண் வராவிட்டால் பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.